லீக் வாகையரும் கிண்ண வாகையரும்
சும்பாங்சே கேடயத்தின் வரலாறும் சில சிந்தனைகளும்

காற்பந்தைப் பற்றி இப்பகுதியில் எழுதுவதா என்று புருவம் உயர்த்துவோர் இருக்கலாம். சங்கப் பாட்டும் இலக்கண நுட்பமும் பேசப்படும் இடத்தில் பந்துக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆயினும், ஒரு நாட்டு மக்கள் மூன்று தலைமுறையாக மாலை நேரத்தில் எதற்காகத் திடலுக்குச் சென்றனர், எந்த அணியின் தோல்விக்காக உணவு கொள்ளாமல் உறங்கினர் என்பதும் வரலாறுதான். சுங்கை பூலோவில் வளர்ந்த என்போன்றோர்க்கு ரப்பர் மரம் எவ்வளவு உண்மையோ, அம்மரங்களுக்கிடையே வெட்டிச் சமன் செய்யப்பட்ட பாடாங்கும் அவ்வளவு உண்மை.

முதலில் சொல் பற்றி ஒன்று. தமிழகத்தார் இதனைக் கால்பந்து என்கின்றனர். யாழ்ப்பாணத்தார் உதைபந்தாட்டம் என்பர். மலேசியத் தமிழரோ புணர்ச்சி விதி பிசகாமல் காற்பந்து என்று எழுதிவருகின்றனர். லகரம் றகரமாகத் திரிவதை வகுப்பில் விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்கு அகப்பட்டதில்லை. ஆட்டத்தையே விரும்பாத மாணவனும் இந்த ஒரு விதியை மறப்பதில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். லீக் போட்டியில் முதலிடம் பெற்ற அணியும், கிண்ணப் போட்டியில் வென்ற அணியும் தம்முள் ஒருமுறை மோதும் ஆட்டம் ஒன்று உண்டு. மலேசியாவில் அதற்குச் சும்பாங்சே கிண்ணம் என்று பெயர். முழுப்பெயர் சுல்தான் ஹாஜி அகமது ஷா கிண்ணம். சும்பாங்சே என்னும் மலாய்ச் சொல்லுக்கு நன்கொடை, பங்களிப்பு என்பது பொருள். இந்த ஆட்டத்தைக் குறித்து என் மாணவன் ஒருவன் ஒருநாள் கேட்டான்: "ஐயா, அவங்கதான் ஏற்கெனவே ஜெயிச்சிட்டாங்களே, மறுபடி எதுக்கு விளையாடுறாங்க?" உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. வீட்டுக்கு வந்தபின் தொல்காப்பியப் புறத்திணையியல் நினைவுக்கு வந்தது.

ஆநிரை கவர்வது வெட்சி. மண் கொள்ளச் செல்வது வஞ்சி. அரணை முற்றுவது உழிஞை. இம்மூன்றிலும் கைப்பற்றுவதற்கு ஒரு பொருள் உண்டு. தும்பையில் அத்தகைய பொருள் இல்லை. வலிமை ஒன்றையே பொருளாகக் கொண்டு இருவர் எதிர் நிற்பர். வெற்றியைச் சிறப்பிப்பது வாகை. லீக் என்பது மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று புள்ளி சேர்க்கும் வஞ்சிப் போர். கிண்ணம் என்பது தோற்றவன் அன்றே வீடு திரும்பும் கடும் போர். இவ்விரண்டிலும் வாகை சூடியவர்கள், பெறுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாத நிலையில், மீண்டும் தும்பை சூடி நிற்கும் ஆட்டமே சும்பாங்சே. உவமையை அளவுக்கு மீறி இழுக்க வேண்டாம். ஆனால் மாணவனின் கேள்விக்கு இதுவே விடை: பொருளுக்காக அன்று, யார் வல்லவர் என்று அறிதற்காக.

இவ்வழக்கம் தோன்றிய இடம் இங்கிலாந்து. 1898ஆம் ஆண்டில், மதுவணிகராகவும் லண்டன் நகர ஷெரிப்பாகவும் விளங்கிய சர் தாமஸ் டூவர் ஒரு பெரிய கேடயத்தை அளித்தார். ஓர் ஆள் உயரத்தையும் விஞ்சிய கேடயம் அது. ஆண்டுதோறும் சிறந்த தொழில்முறை அணியும், ஊதியம் பெறாது ஆடும் சிறந்த அணியும் மோத வேண்டும். வசூல் தருமத்துக்குச் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. முதலாட்டத்தில் கொரிந்தியன் அணியும் ஷெபீல்டு யுனைட்டெட் அணியும் சமநிலை கண்டன; மறு ஆட்டமும் சமநிலையாகவே முடிந்தது. பின்னர், கூலிக்கு ஆடுவோர்க்கும் கூலியின்றி ஆடுவோர்க்கும் இடையே பிணக்கு முற்றி, 1907இல் அமெச்சூர் சங்கத்தார் பிரிந்து சென்றனர். அதனை அடுத்து 1908இல் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தானே ஓர் அறக்கேடயத்தை நிறுவியது. முதலாண்டில் மான்செஸ்டர் யுனைட்டெட்டும் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸும் ஆடின. முதலாட்டம் 1-1 என முடிந்தது; மறு ஆட்டத்தில் மான்செஸ்டர் 4-0 என வென்றது. ரேஞ்சர்ஸ் கிண்ணம் வென்ற அணி அன்று. தென்பகுதி லீக்கின் வாகையர். லீக் வாகையரும் கிண்ண வாகையரும் முதன்முறையாக நேர்நின்றது 1921இல்தான். அவ்வாண்டு கிண்ணம் வென்ற டாட்டன்ஹாம், லீக் வென்ற பர்ன்லியை 2-0 என வீழ்த்தியது. 1930 முதல் அதுவே பெரும்பான்மை வழக்காயிற்று.

1912ஆம் ஆண்டு ஆட்டத்தின் வசூல், அதற்குச் சில வாரங்களுக்கு முன் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் துயர்நிதிக்குச் சென்றது. அறம் என்னும் சொல் அன்று அலங்காரமாக இருக்கவில்லை என்பதற்காக இதனைக் குறிக்கிறேன். அதே இங்கிலாந்தில், தருமத்துக்கென்று பெறப்படும் பணத்தின் கணக்கு தெளிவாக இல்லையென அறநிலைய ஆணையம் குறை கண்டதும், 2002இல் அறக்கேடயம் என்ற பெயர் சமூகக் கேடயம் என மாறியதும் பிற்கால நிகழ்ச்சிகள்.

மலாயாவில் கதை வேறு. இங்கிலாந்தில் கிண்ணப் போட்டி தோன்றிப் பதினேழு ஆண்டுகளில் லீக்கும் தோன்றிவிட்டது: 1871, 1888. நம் நாட்டில் மாநிலங்களுக்கிடையேயான கிண்ணம் தோன்றியது 1921இல்; தேசிய லீக்குக்கெனத் தனிக்கிண்ணம் வந்தது 1982இல். இடையே அறுபத்தோர் ஆண்டுகள். லீக் இல்லாத நாட்டில் லீக் வாகையர் யார்? ஆகவேதான் இவ்விரு வாகையரும் மோதும் ஆட்டம் இங்கே இவ்வளவு காலந்தாழ்ந்து வந்தது.

மலாயாக் கிண்ணத்தின் பிறப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; அதில் தமிழர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று அடங்கியுள்ளது. பிரிட்டிஷ் கடற்படையில் மலாயா என்ற பெயருடைய போர்க்கப்பல் ஒன்று இருந்தது. 1915இல் நீரில் இறக்கப்பட்டு, 1916இல் ஜட்லந்து கடற்போரில் அடிபட்ட கப்பல் அது. அதனைக் கட்டுவதற்கான பணத்தை அளித்தது பிரிட்டிஷ் கருவூலம் அன்று. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த ஐக்கிய மலாய் மாநிலங்களின் அரசாங்கமே அளித்தது. அவ்வரசாங்கத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது? ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும். ஈயம் தோண்டியவர்களில் பெரும்பாலோர் சீனர். ரப்பர்த் தோட்டங்களில் காடு அழித்துப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்த தமிழர். 1921 ஜனவரியில் அக்கப்பல் மலாயாத் துறைமுகங்களுக்கு வந்தபோது, பெற்ற வரவேற்புக்கு நன்றியாக அதன் மாலுமிகளும் அதிகாரிகளும் இரண்டு கிண்ணங்களை அளித்துச் சென்றனர். ஒன்று ரக்பி ஆட்டத்துக்கு, மற்றொன்று காற்பந்துக்கு. கப்பலாகச் சென்ற செல்வத்தில் ஒரு சிறு துளி கிண்ணமாகத் திரும்பி வந்தது என்று சொன்னால் மிகையாகாது. அந்தக் கிண்ணத்துக்காகப் பின்னாளில் ஆடியவர்களுள் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் இருந்தனர்.

முதலாண்டு இறுதியாட்டம் கோலாலம்பூரில் நடந்தது. சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்றது. அடுத்த ஆண்டே சிலாங்கூர் கிண்ணத்தைக் கைப்பற்றியது. போர்க்காலத்தில் நின்றுபோன போட்டி 1948இல் மீண்டும் தொடங்கிற்று. 1957இல் எழுந்த மெர்டேக்கா அரங்கம் அதன் பெருவீடாயிற்று. 1967இல் மலாயாக் கிண்ணம் மலேசியக் கிண்ணம் என்று பெயர் பெற்றது. சிலாங்கூர் இதுவரை அதனை 33 முறை வென்றுள்ளது. முப்பத்து மூன்றாவது வெற்றி 2015இல் கெடாவுக்கு எதிராக வந்தது.

லீக் பிறந்ததும் கிண்ணத்தின் வயிற்றிலேதான். 1979இல் எல்லா மாநில அணிகளும் ஒன்றோடொன்று ஆடும் சுற்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதன் நோக்கம் லீக் வாகையரைக் கண்டறிவதன்று. மலேசியக் கிண்ணத்தின் கடைசிக் கட்டத்துக்குத் தகுதி பெறும் அணிகளைப் பொறுக்கி எடுப்பதே. அதாவது, லீக் என்பது கிண்ணத்துக்குச் செல்லும் வாயிற்படி. மூன்று ஆண்டுகள் கழித்து, 1982இல், அந்தப் படியில் முதலாவதாக நின்றவர்க்கும் தனிக்கிண்ணம் வழங்கலாயினர். முதலில் பெற்றது பினாங்கு, அடுத்த ஆண்டு மலாக்கா, 1984இல் சிலாங்கூர். ஆங்கில நாட்டில் லீக் வென்றவனே பேரரசன். கிண்ணம் வென்றவன் ஒருநாள் மாப்பிள்ளை. இங்கோ நெடுங்காலம் நிலைமை தலைகீழ். லீக் வென்று கிண்ணம் இழந்த அணியின் ஆதரவாளர்கள் அந்த ஆண்டை வெற்றி ஆண்டாகக் கணக்கிட்டதே இல்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் எந்தெந்த ஆண்டு சிலாங்கூர் வென்றது என்று கேட்டால், கிண்ணம் வென்ற ஆண்டுகளை மடமடவென்று சொல்வார்கள். லீக்கைக் கேட்டால் மேலே பார்ப்பார்கள்.

இந்நிலையில் 1985இல் சும்பாங்சே கிண்ணம் தொடங்கப்பட்டது. பகாங் சுல்தான் ஹாஜி அகமது ஷா 1979 முதல் 1984 வரை மாமன்னராக இருந்தவர், 1984 முதல் 2014 வரை முப்பது ஆண்டுகள் மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக விளங்கியவர், 2019இல் மறைந்தார். அவர் பெயராலேயே கிண்ணம் வழங்குகிறது. பருவம் தொடங்குமுன் ஓர் ஆட்டம், சென்ற ஆண்டின் லீக் வாகையர் ஒருபுறம், மலேசியக் கிண்ண வாகையர் மறுபுறம், வசூலில் தருமத்துக்குப் பங்கு என்பது திட்டம்.

இலக்கணம் வகுத்த முதலாண்டிலேயே வழுவும் வந்தது. 1984இல் லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் சிலாங்கூரே வென்றிருந்தது. ஒருவனே இருமுடி சூடியிருந்தால் அவன் யாரோடு பொருவது? இங்கிலாந்திலும் இச்சிக்கல் எழுந்ததுண்டு. 1961இல் டாட்டன்ஹாம் இரண்டையும் வென்றபோது, சங்கமே ஓர் அணியைத் தேர்ந்தெடுத்து எதிர் நிறுத்தியது. மலேசியாவில் அடுத்த நிலையில் நின்ற அணியை அழைப்பது வழக்கமாயிற்று. முதற் கிண்ணத்தைச் சிலாங்கூரே பெற்றது.

அதற்கு அடுத்த மூன்று ஆண்டுகளும் இலக்கணம் தவறாதவை. வரலாற்று மாணவனுக்கு விருந்தாக அமைந்த ஆண்டுகளும் அவையே. 1985இல் லீக்கை வென்றது சிங்கப்பூர், மலேசியக் கிண்ணத்தை வென்றது ஜொகூர். 1986இன் சும்பாங்சேயை ஜொகூர் கொண்டது. 1986இல் லீக்கை வென்றது கோலாலம்பூர், கிண்ணத்தை ஜொகூருக்கு எதிராக 6-1 என்ற கணக்கில் வென்றது சிலாங்கூர். 1987இன் சும்பாங்சே சிலாங்கூருக்கு. 1987இல் லீக்கை வென்றது பகாங், கிண்ணத்தை வென்றது கோலாலம்பூர். 1988இன் சும்பாங்சே கோலாலம்பூருக்கு. மூன்று முறையும் லீக் வாகையர் தோற்றனர். கிண்ண வாகையரே வென்றனர்.

இவற்றுள் 1987ஆம் ஆண்டு ஆட்டம் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ளோர்க்குத் தனிச்சிறப்பு உடையது. 1974 பிப்ரவரி முதல் நாள் வரை கோலாலம்பூர் சிலாங்கூரின் ஒரு பகுதி. அன்று அது கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டது. நிலம் பிரிந்தது, காற்பந்தும் பிரிந்தது. கூட்டரசுப் பிரதேசம் என்ற பெயரில் புதிய அணி ஒன்று எழுந்து, பின்னர் கோலாலம்பூர் அணியாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து சிலாங்கூர் அணிக்காகக் கைதட்டி வளர்ந்த ஒருவர், ஒருநாள் காலையில் எழுந்தபோது தம் வீடு சிலாங்கூரில் இல்லை என்பதைக் கண்டார். பலர் மனம் மாறவில்லை. இன்னும் சிலர் வீட்டில் தந்தை சிவப்பு மஞ்சள், மகன் நகரத்து அணி. சுங்கை பூலோவோ எல்லைக்கு இப்பால், சிலாங்கூரிலேயே நின்றது. ஆயினும் வேலைக்கும் சந்தைக்கும் திரைப்படத்துக்கும் நாங்கள் சென்றது கோலாலம்பூருக்கே. அந்த இரு அணிகளும், ஒன்று லீக் வாகையாகவும் மற்றொன்று கிண்ண வாகையாகவும், 1987இல் எதிர் நின்றன. பாகம் பிரிந்த அண்ணன் தம்பி ஒரே திண்ணையில் அமர்ந்து கணக்குப் பார்த்தது போன்றது அது. அண்ணன் வென்றான். ஆனால் தம்பி அதே ஆண்டில் மலேசியக் கிண்ணத்தை எடுத்து, 1988லும் 1989லும் விடாமல் வைத்துக்கொண்டான். மூன்று இறுதியாட்டங்களிலும் தோற்ற அணி கெடா.

கிண்ண வாகையர் லீக் வாகையரை வெல்வது அந்த மூன்று ஆண்டுகளின் தற்செயலா? மேலும் பார்ப்போம். 1995இலும் 1996இலும் மலேசியக் கிண்ணத்தைப் பெற்ற சிலாங்கூர், 1996, 1997 ஆகிய இரு சும்பாங்சேகளையும் பெற்றது. அவ்விரு பருவங்களின் லீக் வாகையர் பகாங்கும் சபாவும். 2010இன் கிண்ணத்தைக் கொண்ட கிளந்தான், லீக் வாகையான சிலாங்கூரை 2011இல் வென்றது. 2012இல் கிண்ண வாகையான நெகிரி செம்பிலான் லீக் வாகையான கிளந்தானை வென்றது. 2014இல் கிண்ண வாகையான பகாங், லீக் வாகையான சிங்கப்பூரின் லயன்ஸ் 12 அணியை 1-0 என வென்றது. 2017இல் கிண்ண வாகையான கெடா, லீக் வாகையான ஜொகூர் டாருல் தக்சிமைப் பெனால்டி உதைகளில் வென்றது. எதிர் எடுத்துக்காட்டுகளும் உண்டு: 2010இல் லீக் வாகையான சிலாங்கூர் நெகிரி செம்பிலானை வென்றது, 2015இல் ஜொகூர் பகாங்கை வென்றது. ஆயினும் மொத்தத்தில் கிண்ண வாகையரின் தட்டே நெடுங்காலம் தாழ்ந்து நின்றது.

இதற்குக் காரணம் இரண்டு என்பது என் கருத்து. மலேசியாவில் பருவத்தின் கடைசி நிகழ்ச்சி பெரும்பாலும் மலேசியக் கிண்ண இறுதியாட்டம். லீக் வாகையர் வென்று மாதங்கள் கடந்திருக்கும். கிண்ண வாகையரின் உலை இன்னும் ஆறியிராது. அடுத்தது மனநிலை. லீக் பொறுமையின் கலை: இன்று தோற்றாலும் அடுத்த வாரம் உண்டு. ஒரே ஆட்டத்தில் உயிர் வைத்து ஆடும் பழக்கம் கிண்ண அணிக்கே மிகுதி. சும்பாங்சேயும் ஒரே ஆட்டம். ஆண்டு முழுதும் நன்கு படிக்கும் மாணவனும், தேர்வு மண்டபத்தில் மட்டும் விழித்தெழும் மாணவனும் ஒரே வினாத்தாளை எழுதினால் யார் முந்துவார் என்பது ஆசிரியர்கள் அறியாததன்று. இதனால் முதல் மாணவனின் கல்வி குறைந்தது என்று ஆகாது.

1990இல் காற்பந்துச் சங்கக் கிண்ணம் என்ற மற்றொரு போட்டியும் தொடங்கியது. அதன்பின் கிண்ண வாகையர் என்ற சொல்லுக்கே இரு பொருள் உண்டாயிற்று. மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற அணிகளும் தோன்றின. கெடா அதனை அடுத்தடுத்து இருமுறை, 2007இலும் 2008இலும் செய்தது. ஆனால் அடுத்து வந்த 2009 சும்பாங்சேயைச் சிலாங்கூர் அதனிடமிருந்து பறித்தது. முப்பரிசு வென்ற கிளந்தானும் 2013இல் ஆயுதப்படை அணியிடம் இதே கிண்ணத்தை இழந்தது. 1994இல் லீக், மலேசியக் கிண்ணம் இரண்டையும் வென்ற சிங்கப்பூரோ, தும்பை சூடுமுன்பே களத்தை விட்டு நீங்கியது. பகாங்கை 4-0 என வீழ்த்திய அதன் கிண்ண வெற்றி, அந்த ஆண்டு திறக்கப்பட்ட ஷா ஆலம் அரங்கில் நிகழ்ந்தது. சில வாரங்களில் மலேசியப் போட்டிகளிலிருந்து சிங்கப்பூர் விலகிக்கொண்டது. 2012இல்தான் மீண்டும் வந்தது. அந்த ஷா ஆலம் அரங்கமும் இப்போது இடிக்கப்பட்டுவிட்டது.

இவ்வரலாற்றில் தமிழர் எங்கே என்று இந்த ஏட்டின் வாசகர் கேட்பது இயல்பு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணிக்குத் தலைமை தாங்கியவர் சிலாங்கூரின் எம். சந்திரன். கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தின் நீண்ட கரங்களைக் கண்டு ரசிகர்கள் ஸ்பைடர்மேன் என்று பெயரிட்டனர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோலைக் காத்தவர் அவர். நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர் மாஸ்கோ செல்லவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். சிலாங்கூர் ஆட்டக்காரராக விளங்கிய கே. ராஜகோபால், பின்னர் பயிற்றுநராக 2009 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கமும், 2010இல் ஆசியான் வாகையும் நாட்டுக்குப் பெற்றுத் தந்தார். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமாகிய மீஃபாவின் அணி 2017இல் இரண்டாம் நிலை லீக்கில் ஆடி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் மேல்நிலை லீக்கை எட்டியது. 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு விலகிக்கொண்டது.

இப்பெயர்களுக்கெல்லாம் பின்னால் தோட்டத்துப் பாடாங் இருந்தது. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைத் தோட்டமும் அதனைச் சூழ்ந்த வேறு தோட்டங்களும் இருந்தன. 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பும் இங்கேதான். பால் நிறுத்து முடித்து, குளித்து, நான்கு மணிக்குத் திடலுக்கு வருவார்கள். என் இளமையில் எங்கள் தோட்டத்திலும் இருவகைப் போட்டி நடந்தது. டிவிஷன்களுக்குள் மாதக்கணக்கில் நடக்கும் ஆட்டம் ஒன்று; தீபாவளியை ஒட்டி இரண்டு நாளில் முடியும் கிண்ண ஆட்டம் ஒன்று. முன்னதில் வென்றவர்களும் பின்னதில் வென்றவர்களும் வேறாக இருந்தால், பொங்கலன்று அவர்களை மோதவிடுவது கிராணியாரின் வழக்கம். பரிசு ஓர் ஆடு. வென்றவர் தோற்றவரையும் அழைத்து அன்றிரவே கறி சமைத்தனர். அந்தத் திடல் இன்று அடுக்குமாடிகளின் கீழே கிடக்கிறது. ஆராய்ச்சி நிலையத்து நிலத்திலும் குவாசா டாமன்சாரா என்னும் நகரம் எழுந்துவருகிறது.

சும்பாங்சேயின் அண்மைக் கதையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. ஜொகூர் டாருல் தக்சிம் 2014 முதல் லீக்கைத் தொடர்ந்து வென்றுவருகிறது. 2018 தொடங்கி சும்பாங்சேயும் அவ்வணியிடமே. எதிரணி கெடா, பேராக், கோலாலம்பூர், திரங்கானு என்று மாறிற்றே தவிர முடிவு மாறவில்லை. 2021 நவம்பரில் மலேசியக் கிண்ண இறுதியில் ஜொகூரை 2-0 என வென்று, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிண்ணத்தைத் தலைநகருக்குக் கொண்டுவந்த கோலாலம்பூர் அணியும், 2022 சும்பாங்சேயில் 3-0 எனத் தோற்றது. இக்காலத்தில் மற்றொரு மாறுதலும் நுழைந்தது. சும்பாங்சே ஆட்டத்தையே லீக்கின் முதலாட்டமாகவும் கணக்கிடத் தொடங்கினர். நாட்காட்டியில் ஒரு நாள் மிச்சம், நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் பொருள் இன்றிப் பொருவது என்ற அதன் இயல்பு அன்றே போயிற்று. தும்பைக்குள் வஞ்சியைக் கலந்தது போலாயிற்று.

கலந்ததன் விளைவு 2024இல் தெரிந்தது. முந்தைய பருவத்தில் ஜொகூரே எல்லாவற்றையும் வென்றிருந்தது; லீக்கில் இரண்டாமிடம் பெற்ற சிலாங்கூர் எதிரணியாக அழைக்கப்பட்டது. ஆட்டம் மே 10 என்று குறிக்கப்பட்டிருந்தது. மே 5ஆம் நாள், சுங்கை பூலோவுக்கு அண்மையிலுள்ள கோத்தா டாமன்சாராவில், ஒரு வணிக வளாகத்தில், சிலாங்கூரின் பைசால் ஹலிம் மீது அமிலம் வீசப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவுக்கு எதிராக 3-3 என முடிந்த ஆட்டத்தில் கோல் அடித்து நாடே கொண்டாடிய இளைஞர் அவர். கடுந்தீக்காயங்களுடன் மருத்துவமனையில் கிடந்தார். அதே வாரத்தில் வேறிரு ஆட்டக்காரர்களும் தாக்குதலுக்கு உள்ளாயினர். ஆட்டத்தை ஒத்திவைக்குமாறு சிலாங்கூர் கேட்டது. நடத்துவோர் இசையவில்லை. சிலாங்கூர் ஜொகூருக்குச் செல்லவில்லை. ஜொகூருக்கு 3-0 என்ற வெற்றி எழுதப்பட்டது.

விதி என்று பார்த்தால், குறித்த நாளில் களத்துக்கு வராதவன் தோற்றவனே. இதில் வாதமில்லை. ஆனால் அது பழையபடி லீக்கோடு தொடர்பில்லாத அறப்பணி ஆட்டமாக இருந்திருந்தால், இரு வாரம் தள்ளிவைப்பதால் யாருடைய புள்ளிக் கணக்கும் கலைந்திராது. அடிபட்ட தோழனுக்காக அந்த ஆட்டத்தின் வசூலையே அளித்திருக்கலாம். 1912இல் மூழ்கிய கப்பலின் குடும்பங்களுக்கு அளித்தது போல. லீக்கின் கயிற்றில் கட்டப்பட்டமையால் அது அசைய இயலாமற் போயிற்று. சும்பாங்சேயை லீக்கினின்று அவிழ்த்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம். நாட்காட்டியில் ஒரு நாள் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

பைசால் ஹலிம் பல அறுவை மருத்துவங்களுக்குப் பின் அதே 2024ஆம் ஆண்டிலேயே சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டையில் மீண்டும் களமிறங்கினார்.